சிவப்பு வில்லையில் ஒரு சீப்பு

விமானம் விழுந்த இடத்தைத் தேடி வந்த மனிதரை முதல் நாளே தப்பான மலைக்கு அனுப்பிவைத்தது நான்தான். வேண்டுமென்று செய்யவில்லை. அவர் கேட்ட விதம் அப்படி. எங்கள் தேயிலை எஸ்டேட்டின் லைன் வீடுகள் முன்னால் ஸ்கூட்டரை நிறுத்தினார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

"பாட்டிம்மா, யுத்த காலத்துல இந்தப் பக்கம் ஒரு ப்ளேன் விழுந்துச்சாம். நீங்க பாத்தீங்களா?"

"எனக்கு என்ன வயசுன்னு நெனச்சுக் கேக்கறீங்க?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே எனக்குத் தொண்ணூறு வயது ஆகிவிட்டது. எனக்கு எழுபத்திரண்டுதான்.

"அதா, அந்த மொட்டப் பாறைக்கு அக்கட்டால போங்க. காட்டுமாடு நிக்கும், பாத்துப் போங்க சார்" என்று கையைக் காட்டினேன்.

மொட்டைப் பாறைக்கு அந்தப் பக்கம் எஸ்டேட்டின் பழைய தண்ணீர்த் தொட்டி ஒன்று உண்டு. அதற்குள் தவளைகள் உண்டு. வேறு ஒன்றும் கிடையாது. பொழுது சாயும் நேரத்தில் திரும்பி வந்தார். சாக்ஸ் முழுவதும் அட்டை. உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டுக்கொண்டே, "தவளையெல்லாம் நல்லா இருக்குதுங்க, உங்களக் கேட்டுச்சு" என்றார். கோபமே இல்லை. எனக்கு அவரைப் பிடித்துப்போனது. உப்பும் டீயும் கொடுத்தேன். உப்பு அட்டைக்கு.

குன்னூர்க்காரர். பேங்கில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். ரிட்டையர் ஆன ஆண்பிள்ளைகள் வீட்டில் இருந்தால் சமையலில் குறை சொல்வார்கள். இவர் அதற்குப் பதிலாக, யுத்த காலத்தில் இந்த மலைகளில் விழுந்த விமானங்களைத் தேடுகிறார். பழைய காகிதங்களை வரவழைத்துப் படிக்கிறார். செத்துப்போனவர்களின் சொந்தக்காரர்களுக்குக் கடிதம் எழுதுகிறார். ஏன் என்று கேட்டதற்கு, "யாராச்சும் கேட்டுக்கிட்டே இருக்காங்களே பாட்டிம்மா" என்றார்.

எங்கள் மலையில் விழுந்த விமானத்தில் ஆறு பேர் இருந்தார்களாம். மழை, மூடுபனி. மலை எங்கே, வானம் எங்கே என்று தெரியாமல் மேல் முகட்டில் மோதிவிட்டது. நான்கு பேர் விமானத்தோடு கருகிக் கிடந்தார்கள். பட்டாளத்துக்காரர்கள் வந்து அவர்களை எடுத்துப் போய்ப் புதைத்தார்கள். மீதி இரண்டு பேர் கிடைக்கவேயில்லை. தேடினோம், கிடைக்கவில்லை என்று எழுதிக் கட்டி வைத்துவிட்டார்கள்.

அவர் சொல்லச் சொல்ல நான் கொழுந்துக் கூடையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தேன். ஊசி இரண்டு முறை விரலில் ஏறியது. அந்த இரண்டு பேரில் ஒருவர் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். கல்யாணமாகி இந்த லைனுக்கு வந்த முதல் வருஷத்திலிருந்து தெரியும்.

அதைச் சொல்லக்கூடாது என்று என் மாமியார் சத்தியம் வாங்கியிருந்தார்.

விமானம் விழுந்தபோது மாமியாருக்குப் பன்னிரண்டு வயது. பட்டாளத்துக்காரர்கள் வந்து போய்ப் பத்து நாள் கழித்து, விறகு பொறுக்கச் சோலைக்குள் போன பெண்கள் ஒரு மரத்தில் வெள்ளையாக ஏதோ தொங்குவதைப் பார்த்தார்கள். குடை மாதிரி விரிந்த பெரிய துணி. கீழே கயிறுகளில் ஒரு மனிதன். பத்து நாளுக்கு மேல் ஆன உடம்பு. பெண்கள் ஓடிவந்து சொல்ல, லைன் ஆண்கள் போய் இறக்கினார்கள்.

எஸ்டேட் துரையிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் யுத்த காலம். துணிக்கு ரேஷன். கட்டிய சேலையைத் துவைத்துக் காயும்வரை பெண்கள் வீட்டுக்குள்ளேயே இருந்த காலம். மரத்திலோ ஒரு லைனுக்கே ஆகிற அளவு துணி தொங்குகிறது. ஆளைக் காட்டினால் துணியையும் காட்ட வேண்டும். அதனால் இரண்டையும் காட்டவில்லை. துணி பாவாடையாகவும் தொட்டிலாகவும் ஆனது. ஆள் ஏழாம் நம்பர் தேயிலைக் காட்டின் ஓரத்தில், சோலை தொடங்குகிற இடத்தில், மண்ணுக்குள் போனார்.

"துணி எடுத்தது தெரிஞ்சா ஜெயிலு. மூச்சு உடக்கூடாது" என்பார் மாமியார். துரை கப்பலேறிப் போய், எஸ்டேட் மூன்று கை மாறி, அந்தத் துணியில் ஆடிய பிள்ளைகளெல்லாம் பென்ஷன் வாங்கிய பிறகும் அந்த ஜெயில் எங்களுக்காகத் திறந்தே இருந்தது.

ஆனால் திருட்டுத்தனமாகத் தூக்கிப்போட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம். நம் வீட்டு ஆளை எப்படிச் செய்வோமோ அப்படித்தான் செய்தார்கள். குளிப்பாட்ட முடியாத உடம்பு என்பதால் தண்ணீர் தெளித்தார்கள். வாயில் அரிசி வைத்தார்கள். குழியில் இறக்குமுன் உடம்பில் கட்டிய கயிறு ஒன்றுகூட இருக்கக்கூடாது அல்லவா, இடுப்பில் தேடினார்கள். வெள்ளைக்காரனுக்கு அரைஞாண் இல்லை. கழுத்தில் ஒரு கயிறு இருந்தது, அதில் இரண்டு தாயத்து. ஒன்று பச்சை, எட்டு மூலை. ஒன்று சிவப்பு, வட்டம். கயிற்றை அறுத்து ஓடையில் விட்டார்கள். பச்சை போய்விட்டது. சிவப்பு மட்டும் கல்லிடுக்கில் சிக்கி நின்றதை என் மாமியார் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

பிற்பாடு அவருக்குப் பிறந்த மூன்றாவது பிள்ளை நோஞ்சான். முதல் இரண்டும் தங்கவில்லை. அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தும் எலும்பு முறியாமல் வந்த மனிதனுடைய தாயத்து என்று சொல்லி, அந்தச் சிவப்பு வில்லையை இந்தப் பிள்ளையின் இடுப்பில் கட்டினார். பிள்ளை பிழைத்துக்கொண்டது. அதுதான் என் வீட்டுக்காரர்.

ஆள் செத்துத்தானே போனார், அவருடைய தாயத்து என்னத்தைக் காப்பாற்றும் என்று ஒருமுறை மாமியாரிடம் கேட்டேன். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு தாமதமாகத்தான் கிடைத்தது.

அடுத்த வாரம் குன்னூர்க்காரர் மறுபடியும் வந்தார். இந்தத் தடவை ஹெல்மெட்டைக் கழற்றினார். ஒரு படத்தைக் காட்டினார். தொப்பி வைத்த பையன். மீசைகூட ஒழுங்காக முளைக்கவில்லை.

"கிடைக்காம போன ரெண்டு பேர்ல ஒருத்தர். இவரோட தங்கச்சி இன்னும் இருக்காங்க பாட்டிம்மா. தொண்ணூத்தி நாலு வயசு. முதியோர் இல்லத்துல இருக்காங்க. மாசம் ஒரு கடுதாசி எனக்கு வருது."

கடிதங்களையும் காட்டினார். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. மூன்றாம் வகுப்புத் தமிழ்தான். ஆனால் கையெழுத்து தெரியும். முதல் கடிதத்தில் கோடு போட்ட மாதிரி நேராக இருந்தது. கடைசிக் கடிதத்தில் எழுத்தெல்லாம் மேட்டிலிருந்து சறுக்கி விழுகிற மாதிரி சரிந்திருந்தது.

"என்ன கேக்கறாங்க?"

"வேற ஒண்ணும் வேண்டாமாம். அண்ணன் எந்த மண்ணுல இருக்காரு, தனியாவா இருக்காரு, அதை மட்டும் சொல்லுங்கன்றாங்க."

கூடையைக் கீழே வைத்தேன். மாமியார் போய் இருபது வருஷம் ஆகிறது. எனக்குச் சோறு நிறுத்த இப்போது ஆள் இல்லை.

"ஏனுங்க சார், துணி எடுத்தா இப்பவும் ஜெயிலுங்களா?"

அவருக்குப் புரியவில்லை. புரியும்படி சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் எழுந்து நின்றுவிட்டார்.

ஏழாம் நம்பருக்குக் கூட்டிப் போனேன். அந்தக் காட்டில் தேயிலை என் இடுப்பு உயரம். எங்கும் மேசை மாதிரி சமமாக இருக்கும். நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டிக் கட்டையாக்கி விடுவோம், மறுபடி துளிர்க்கும். வெட்டாமல் விட்டால் தேயிலை செடியாக இருக்காது, மரமாகிவிடும். செடி நெரையின் கடைசியில், சோலையை ஒட்டி, ஒரே ஒரு தேயிலை மட்டும் வீட்டுக் கூரையைவிட உயரமாக நிற்கிறது. வெள்ளைப் பூ பூத்துக் கொட்டுகிறது. கவ்வாத்துக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக அதை மட்டும் சுற்றிப் போய்விடுவார்கள். புதிதாக வந்த சூப்பர்வைசர் கேட்டால், விதைக்கு விட்டது என்போம். விதைக்குத்தான் விட்டது என்று அவரும் எழுதிக்கொள்வார்.

"இதுக்கடியிலதானுங்க. கவ்வாத்து முடிஞ்சா பாலில்லாத டீ ஒரு டம்ளர் வெப்போம். பங்களாவுல துரை அப்படித்தான் குடிப்பாருன்னு சொல்லுவாங்க. சர்க்கரை போடோணுமான்னுதான் இன்னிக்கு வரைக்கும் தெரியல."

அவர் தலையில் போட்டிருந்த குல்லாயைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு மூக்கைச் சிந்தினார்.

"இவராத்தான் இருக்கணும். அந்தம்மாவோட அண்ணனுக்குக் கதவுக்கிட்டத்தான் வேலை. குதிச்சிருந்தா அவருதான் குதிச்சிருக்கணும்." சொல்லிக்கொண்டே என் பக்கம் திரும்பினார். "பாட்டிம்மா, கழுத்துல ஒரு கயிறு இருந்திருக்கும். ரெண்டு வில்லை. பச்சை ஒண்ணு, சிவப்பு ஒண்ணு. ஆளு யாருன்னு அதுல எழுதியிருக்கும். அதைப் பத்தி யாராச்சும் ஏதாச்சும் சொல்லியிருக்காங்களா?"

தாயத்து இல்லை. பெயர்ப்பலகை.

அந்த மனிதருக்கு நல்லது செய்வதாக நினைத்து, அவர் யார் என்று சொல்ல இருந்த ஒரே பொருளை அறுத்து ஓடையில் விட்டிருக்கிறோம். மிச்சம் இருந்த ஒன்றை என் வீட்டுக்காரர் அறுபது வருஷத்துக்குமேல் இடுப்பில் கட்டியிருந்தார். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவர் போனபோது, அவருடைய தம்பி முறைப்படி அரைஞாணை அறுத்தார். "அண்ணி, இந்தத் தாயத்த வெச்சுக்கறீங்களா?" என்று கேட்கவும் கேட்டார். நான்தான், "அவரோடதே போகட்டும்" என்றேன். அதே ஓடை.

"தெரியாதுங்க சார்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. வாய் முந்திக்கொண்டது. அவர் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். ஆறு வரிகள் இருந்தன. அடியிலிருந்த இரண்டைக் காட்டினார்.

"இதுதான் கிடைக்காத ரெண்டு பேர். இது பேரு, இது நம்பர், கடைசியில இருக்கறது மதம். வில்லையிலயும் இந்த மதத்தோட எழுத்து இருக்கும். மேல இருக்கறவருதான் அந்தம்மாவோட அண்ணன், ஆர்.சி. கீழ இருக்கறவரு இங்கிலாந்து சபை, சி.இ."

நான் எட்டிப் பார்த்தேன். மேல் வரியின் கடைசியில் ஒரு காலை நீட்டி நிற்கிற ஆள், பக்கத்தில் பாதி நிலா. கீழ் வரியின் கடைசியில் பாதி நிலா, பக்கத்தில் ஒரு சீப்பு.

அந்தச் சீப்பை நான் என் வீட்டுக்காரர் இடுப்பில் பார்த்திருக்கிறேன்.

"கீழ இருக்கறவர யாரு கேக்கறாங்க?"

"யாருமில்ல. அநாதை ஆசிரமத்துல வளந்தவரு. எவ்வளவோ தேடிட்டேன், சொந்தம்னு ஒருத்தர்கூடக் கிடைக்கல" என்றார். பிறகு மரத்தைப் பார்த்துச் சிரித்தார். "பரவால்ல, அந்தம்மாவுக்காச்சும் சொல்ல முடியுது. வெள்ளிக்கிழமை கடுதாசி போட்டுடறேன்."

அன்றைக்குத் திங்கள்.

செவ்வாய்க்கிழமை காலையில் ஓடைக்குப் போனேன். ஒரு குச்சியால் கல்லிடுக்கெல்லாம் கிளறினேன். ஒன்பது வருஷத்து மழை அடித்துப் போன தண்ணீரில் ஒரு வில்லையைத் தேடினேன். ஒரு ஷாம்பு பாக்கெட், ஒரு நண்டு, பக்கத்து வீட்டுக்காரி காணோம் என்று ஊரைத் திட்டிய கரண்டி எல்லாம் கிடைத்தன. கரண்டியைக் கொடுக்கவில்லை. திட்டியது என்னையும் சேர்த்துத்தான்.

புதன்கிழமை அரிசி தீய்ந்தது. வியாழக்கிழமை உப்பு இரண்டு தடவை விழுந்தது. என் மகள் எஸ்டேட் பாக்டரியில் வேலை பார்க்கிறாள். டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"ஏம்மா, நிக்கற, ஒக்கார்ற, மறுபடி நிக்கற. கால்ல எறும்பு ஏறிடுச்சா?"

"மூட்டு வலி."

"மூட்டு வலிக்கறவ எதுக்கு ரெண்டு நாளா ஓடையில நிக்கற? மேஸ்திரி பாத்துட்டு, உங்கம்மா மீன் புடிக்குதான்னு கேக்கறாரு."

சொல்லிவிட்டேன். அவள் அப்படியே உட்கார்ந்தாள்.

"சொல்லாம உட்டா என்னம்மா? அந்தம்மாவுக்குத் தொண்ணூத்தி நாலு. சந்தோசமாப் போகட்டுமே."

அதுதான் எனக்கும் தோன்றிக்கொண்டிருந்தது. நான் பொய்க்குப் புதியவள் அல்ல. இந்த லைனில் நான் சொன்ன பொய்களை நம்பி இரண்டு கல்யாணம் நடந்திருக்கிறது, இரண்டும் நன்றாகவே இருக்கின்றன. இதில் பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. சும்மா இருந்தால் போதும். ஒரு கிழவி தன் அண்ணன் தேயிலைப் பூவுக்கடியில் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு கண்ணை மூடுவாள். யாருக்கு என்ன நஷ்டம்?

மரத்தடியில் இருக்கிறவருக்குத்தான் நஷ்டம். அவரைக் கேட்க ஆள் இல்லை. இருந்த ஒரே சாட்சியையும் நாங்கள் அறுத்துவிட்டோம். இப்போது இன்னொருவர் பெயரில் அவரைக் கிடத்தினால், கயிற்றை மூன்றாவது முறையாக அறுத்தது நானாக இருப்பேன். இந்த முறை முறைக்காக அறுத்தேன் என்றுகூடச் சொல்லிக்கொள்ள முடியாது. அந்தக் கிழவியின் அண்ணனும் எங்கேயோ மலையில் கிடப்பார், இனி யாரும் தேடமாட்டார்கள்.

என் வீட்டுக்காரர் முகமும் வந்து வந்து போனது. நோஞ்சான் பிள்ளை பிழைத்தது அந்த ஆள் தயவில் என்று சாகும்வரை நம்பியவர். கவ்வாத்து டீயை மரத்தடியில் வைப்பது அவர் வேலை. என்னை வைக்க விடமாட்டார். நான் வழியிலேயே குடித்துவிடுவேன் என்று பயம்.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் குன்னூர் போனேன். கட்டபெட்டு தாண்டும்போது வழி மறந்து, பக்கத்தில் இருந்தவளிடம் இரண்டு முறை குன்னூர் வந்துவிட்டதா என்று கேட்டேன். "ஏனுங்க, பிரசவத்துக்குப் போறீங்களா?" என்றாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவர் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. செத்த ஆட்களைத் தேடுகிற சார் வீடு எங்கே என்று கேட்டேன், பெட்டிக்கடையில் கை காட்டிவிட்டார்கள். அவருடைய சம்சாரம் டீயும் முறுக்கும் கொண்டுவந்தார். நல்ல பெரிய வளைய முறுக்கு. அவர் உள்ளே இருந்து மூக்குக்கண்ணாடியோடு வந்தார்.

"பாட்டிம்மா! நீங்களே வந்துட்டீங்களா?"

"கடுதாசி போட்டாச்சுங்களா?"

"இதோ, ஒட்ட வேண்டியதுதான் பாக்கி. ஆனா மனசு கேக்கல. முந்தா நாளே அந்தம்மா இருக்கற இடத்துக்குப் போன்ல சொல்லிட்டேன்."

முறுக்கு கையில் இருந்தது. ஒரு பக்கத்தைக் கடித்தேன். கடிக்காத பக்கம் பாதி நிலா மாதிரி நின்றது. அதைத் தட்டில் வைத்தேன்.

"அம்மிணி, ஊட்ல சீப்பு இருக்குங்களா?" என்று அவர் சம்சாரத்திடம் கேட்டேன்.

அவர் ஒன்றும் புரியாமல் எடுத்துவந்து கொடுத்தார். முறுக்கின் பக்கத்தில் சீப்பை வைத்துத் தட்டைச் சார் பக்கம் திருப்பினேன்.

"எங்க ஊட்டுக்காரரு இடுப்புல இது இருந்துச்சுங்க. சிவப்பு வில்லையில. எழுத்து ரொம்ப இருந்துச்சு, மத்ததெல்லாம் தேஞ்சு போச்சு. இது ரெண்டும் தேயல. மொதல்ல நிலா, அப்புறம் சீப்பு."

தட்டைப் பார்த்தார். காகிதத்தை எடுத்துப் பார்த்தார். மறுபடி தட்டைப் பார்த்தார். கன்னம் சிவந்தது.

"வில்லையைப் பத்தித் தெரியாதுன்னு சொன்னீங்க."

"சொன்னனுங்க."

"மொத நாள் தண்ணித் தொட்டிக்கு அனுப்பினீங்க."

"அதுவும் நான்தானுங்க."

"அப்ப இது எத்தனாவது? நான் அந்தம்மாகிட்டச் சொல்லியாச்சு பாட்டிம்மா! அவங்க அழுதாங்களாம். நைட்டு பூரா அந்தப் படத்தை நெஞ்சுல வெச்சிருந்தாங்களாம். இப்ப வந்து முறுக்கையும் சீப்பையும் வெக்கறீங்க. நான் எதை நம்பறது?"

அவர் சம்சாரம் சமையலறைக் கதவிலேயே நின்றுவிட்டார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பொருளைப் பற்றி நிஜத்தைச் சொல்கிறேன், அதற்கு ஒரு கடித்த முறுக்குதான் சாட்சி.

"சார், எங்க ஊட்டுக்காரருக்கு இருபத்தஞ்சு வயசுலயே தலை மொட்டை. நெத்தியில ஆரம்பிச்சு பொடனி வரைக்கும். கல்யாணமான புதுசுல அந்த வில்லையப் பாத்துட்டு, தலையில வேலையில்லாத சீப்ப எதுக்கு இடுப்புல வெச்சிருக்கீங்கன்னு கேட்டேன். மூணு நாள் பேசல. அப்புறம் அதே எங்க ஊட்ல பேச்சாப் போச்சு. சீப்பக் காணோம்னு யாராச்சும் தேடினா, அப்பா இடுப்புல பாருங்கம்போம். நாப்பது வருசம் சொல்லிச் சிரிச்சத மறப்பனுங்களா? எம் பொண்ணக் கேளுங்க. நான் எதுவும் பேசல. நீங்களே கேளுங்க."

போனைப் போட்டார். பாக்டரி சத்தம் எனக்கே கேட்டது.

"அம்மா, உங்கப்பா இடுப்புல ஒரு தாயத்து கட்டியிருந்தாராமே. அதுல என்ன இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா?"

என் மகள் சிரித்தாள். சிரித்த குரல் நடுவில் உடைந்தது.

"சீப்புங்க சார்" என்றாள்.

அவர் போனை வைத்தார். ஒட்டாத உறையிலிருந்து கடிதத்தை உருவி நான்காகக் கிழித்தார். பிறகு மீதி முறுக்கை எடுத்துத் தின்றார். அது சாட்சி என்று நான் சொல்லவில்லை.

"மறுபடி எழுதணும்" என்றார். "இது கஷ்டமான கடுதாசி."

"நான் சொன்னதா எழுதுங்க. பொய்க்காரக் கெழவி சொன்னான்னு எழுதுங்க. திட்டறதுன்னா என்னையத் திட்டட்டும்."

பதில் வர ஒன்றரை மாதம் ஆனது. அந்த ஒன்றரை மாதம் நான் எப்படி இருந்தேன் என்று லைனில் கேட்டால் சொல்வார்கள். ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடினேன். பால்காரரின் ஸ்கூட்டருக்கும் ஓடினேன். அந்தக் கிழவி படத்தைக் கீழே வைத்துவிட்டு என்ன செய்துகொண்டிருப்பாள் என்று நினைத்து நினைத்துக் கைவேலை ஓடவில்லை. அதிர்ச்சியில் அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அந்த யோசனை வந்த அன்றெல்லாம் ஏழாம் நம்பருக்கு நடந்தேன். மரத்தடியில் நின்று, உன்னால்தான் எல்லாம் என்று திட்டுவேன். பூவைக் கொட்டும், வேறென்ன செய்யும்.

கடைசியில் அவர் வந்தார். கடிதத்தைப் பிரித்து, படித்து, தமிழில் சொன்னார். எழுத்து இன்னும் சரிந்திருந்தது. நாலே வரிதான் இருக்கும்.

அந்தம்மா எழுதியிருந்தார்: தேயிலை மரத்தடியில் இருக்கிறவரை எனக்குத் தெரியும். லீவுக்குப் போக வீடு இல்லாததால் ஒருமுறை என் அண்ணன் அவரை எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தான். எங்கள் அம்மா சுட்ட ஆப்பிள் பலகாரத்தை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார், எனக்கு மிச்சம் வைக்கவில்லை, அவர் மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு. டீக்குச் சர்க்கரை போடுங்கள், மூன்று கரண்டி. அவரைப் பற்றி இனி நான் கேட்கிறேன். என் அண்ணனைப் பற்றி ஏற்கெனவே கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

அடியில் எனக்கென்று ஒரு வரி. அந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள், அவள் சும்மா இருந்திருந்தால் நான் நம்பியிருப்பேன்.

"இதை மொதல்லயே சொல்லியிருந்தா நான் பஸ்ஸுக்கு அலைஞ்சிருக்க மாட்டனே" என்றேன். அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. என் மகள்தான் உள்ளே போய் டீ போட்டாள். பாலில்லாமல், மூன்று கரண்டி சர்க்கரையோடு. இந்த முறை நானே எடுத்துப் போனேன். வழியில் குடிக்கவில்லை.

ஆனாலும் உட்கார முடியவில்லை. ஒருவருடைய கயிற்றை எங்கள் லைன் அறுத்தது என்றால், இன்னொருவருடைய கயிற்றை வேறு ஒரு லைன் அறுத்திருக்கும். முகட்டுக்கு அந்தப் பக்கமும் எஸ்டேட் இருக்கிறது. அங்கேயும் துணிக்கு ரேஷன் இருந்திருக்கும். அங்கேயும் ஒரு நோஞ்சான் பிள்ளை பிறந்திருக்கும். குன்னூர்க்காரர் காகிதத்தில் தேடட்டும். நான் கிழவிகளிடம் தேடுகிறேன். ரேஷன் கடை வரிசை, ஆஸ்பத்திரி பெஞ்ச், சாவு வீடு, எங்கே வயதானவள் ஒருத்தி தனியாக உட்கார்ந்திருந்தாலும் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறேன்.

போன வாரம் முகட்டுக்கு அந்தப் பக்கத்து லைன்காரி ஒருத்தி கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் மாட்டினாள். வெற்றிலை கொடுத்துப் பேச்சை ஆரம்பித்தேன்.

"ஏனுங்க்கா, உங்க ஊட்டுக்காரரு இடுப்புல என்ன கட்டியிருந்தாரு?"

வெற்றிலையை வாயில் வைக்கப் போனவள் நிறுத்தினாள்.

"எதுக்குடி உனக்கு எம் புருசன் இடுப்பு?"

"கோவிச்சுக்காதீங்க. சிவப்பா, இல்ல பச்சையா ஒரு வில்லை. அதுல ஒரு கால நீட்டி நிக்கற ஆளு, பக்கத்துல பாதி நிலா. யாரு இடுப்புலயாச்சும் பாத்திருக்கீங்களா?"

என்னை மேலும் கீழும் பார்த்தாள். வெற்றிலையை மடித்து முடிச்சில் வைத்துக்கொண்டாள்.

"எம் புருசன் இடுப்புல இல்ல" என்றாள். பஸ் வந்துவிட்டது. படியில் ஏறி, திரும்பி நின்று, கூட்டத்துக்கு மேலாகக் கத்தினாள். "எங்க கொழுந்தனாருக்கு என்னமோ பச்சையா ஒண்ணு இருந்துச்சு. ஓரகத்தியக் கேட்டுச் சொல்றேன். அவ உன்னைய மாதிரி இல்ல, மரியாதையானவ. கேக்கறதுக்கு எனக்கே கூச்சமா இருக்குது!"

பஸ் நகர்ந்தது. நானும் கூடவே நடந்தேன், வளைவு வரைக்கும்.